‘கொ’வில் ஒன்றை அழித்தால் என்ன மிஞ்ச வேண்டும்?

‘கொங்கு’ என்று கணினியில் அடியுங்கள். பிறகு பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்து, முதல் எழுத்தான ‘கொ’ மட்டும் நிற்கும்போது கையை நிறுத்துங்கள். இப்போது பேக்ஸ்பேஸை ஒரே ஒருமுறை அழுத்தினால் திரையில் என்ன மிஞ்ச வேண்டும்? ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பார் ஒருவர். ‘கொ’ ஓரெழுத்து, ஒரு தட்டுக்கு ஓரெழுத்து போவதுதானே முறை. ‘க’ மிஞ்சும் என்பார் இன்னொருவர். பெரும்பாலான மென்பொருள்களில் அப்படித்தான் நடக்கிறது, அழுத்தியே காட்டிவிடுவார். இலக்கணம் படித்தவருக்கு இரண்டும் சரிப்படாது. உயிர்மெய்யிலிருந்து உயிரை எடுத்தால் மெய்தான் நிற்கும், ஆகவே ‘க்’ என்பார். பழைய தட்டச்சுப் பொறியில் கை பழகியவர் நான்காவதாக ஒன்று சொல்வார்: கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று தட்டில் அடித்த எழுத்து அது, கடைசித் தட்டைத் திரும்ப வாங்கினால் ‘கெ’ நிற்க வேண்டும். நான்கு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அழிக்கும் விசையைத் தன் கைக்குத் தக்கபடி மாற்றி வைத்துக்கொள்வது கணினிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிற நண்பர்களுக்காகவே இந்த நான்கு விடைகளையும் முதலில் வைக்கிறேன். என் கட்சி இதுதான்: ஒரு தட்டு எவ்வளவு அழிக்க வேண்டும் என்பதை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் குறியேற்றம் தீர்மானிக்கக் கூடாது, எடிட்டரைச் செய்தவரும் தீர்மானிக்கக் கூடாது. எழுதுகிற விரல் அந்த எழுத்தை எப்படிக் கட்டியது, இப்போது என்ன வேலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். தமிழுக்கு இது ஆங்கிலத்துக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அவசியம்.

இந்தக் கேள்வியின் பெரிய வடிவம் ஒன்று கோயம்புத்தூரிலேயே பேசப்பட்டது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதோடு சேர்ந்தே, தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நாட்களில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. யூனிகோடு ஒத்துழைக்காத இடங்களுக்கு மாற்றாக டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. டேஸ்-16ஐ முன்வைத்தவர்களின் மனக்குறை எளிமையானது, நியாயமானதும்கூட. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் இருக்க, யூனிகோடு அவற்றில் 31க்கு மட்டுமே தனி இடம் கொடுத்தது: 12 உயிர், அகரம் ஏறிய 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற எல்லா எழுத்தும் க-வோடு ஒரு குறி, ச-வோடு ஒரு குறி என்று ஒட்டுப்போட்டுத்தான் உருவாக வேண்டும். டேஸ்-16இல் அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம். அதுவும் மெய்யின் எண்ணையும் உயிரின் எண்ணையும் வைத்துக் கூட்டல் கணக்குப் போட்டாலே உயிர்மெய்யின் எண் கிடைத்துவிடுகிற ஒழுங்கில். க் என்பதும் இ என்பதும் சேர்ந்தால் கி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே எண்களுக்குக் கொண்டுபோன அமைப்பு அது. அந்தக் குறியேற்றத்தில் எழுதிய உரையில் பேக்ஸ்பேஸ் தானாகவே முழு எழுத்தை அழிக்கும்.

யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இஸ்கி எனப்பட்ட இந்தியக் குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றி வந்தது. தேவநாகரிக்கும் தமிழுக்கும் ஒரே அச்சு என்று நினைத்த அமைப்பு. அதன் கணக்குப்படி ‘கொங்கு’ மூன்று எழுத்து அல்ல, ஆறு குறியீடு: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. ‘கோயம்புத்தூர்’ என்றால் 7 எழுத்து, 13 குறியீடு. இதிலும் ஒரு மறைவான சிக்கல் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. திரையிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் முதல் வகையில் பேக்ஸ்பேஸ் அடித்தால் ‘க’, இரண்டாம் வகையில் அடித்தால் ‘கெ’. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கொங்கு’கள் ஒரே விசைக்கு இருவிதமாக நடந்துகொள்கின்றன. யாரோ அனுப்பிய கோப்பைத் திருத்தும்போது விசை ‘சில நேரம் ஒழுங்காக வேலை செய்வதில்லை’ என்று தோன்றினால், காரணம் இதுவாக இருக்கக்கூடும். விசை பழுதாகவில்லை, அதன் அலகு நமக்குத் தெரியாத ஒன்றாக இருக்கிறது.

அப்படியானால் டேஸ்-16 கேட்டவர்கள் சொன்னதுதான் தீர்வா? அவர்கள் நோயைச் சரியாகக் கண்டார்கள். மருந்தைத்தான் தவறான இடத்தில் தேடினார்கள் என்பது என் எண்ணம். ஒருமுறை இடம் கொடுத்த குறியீட்டை நீக்குவதில்லை, நகர்த்துவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை. உலகெங்கும் சேர்ந்துவிட்ட உரை முழுவதும் அந்த வாக்குறுதியை நம்பித்தான் இருக்கிறது. டேஸ்-16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருக்கிறது. அங்கே உள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்பது அதை அறிந்த எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் மட்டுமே தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கோப்பில் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதும், ஒரு தட்டில் எவ்வளவு அழிய வேண்டும் என்பதும் ஒரே கேள்வி அல்ல. யூனிகோடும் இதை ஒத்துக்கொண்டுதான் இருக்கிறது. வாசகர் ஓரெழுத்து என்று நினைப்பது பல குறியீடுகளின் கொத்தாக இருக்கலாம் என்று விளக்கும் அதன் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக நிற்பவற்றில் ஒன்று நம் ‘நி’. க் முதல் எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் பெயரிட்ட தொடர்களின் பட்டியலையும் அது வெளியிட்டிருக்கிறது. எழுத்து எது என்ற அறிவு தரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை விசைக்குக் கொண்டுவர வேண்டியது எடிட்டர்.

எடிட்டர்களின் பக்கம் வந்தால், பெரிய நிரல்காரர்களுக்கே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பது தெரியும். ஈமாக்ஸும் விம்மும் பல பத்தாண்டுகளாக நிரல் எழுதுபவர்களின் கையில் இருப்பவை. ஈமாக்ஸில் பேக்ஸ்பேஸ் எப்போதும் ஒரு குறியீட்டைத்தான் அழிக்கும். விம்மில் இயல்பாகவே, ஒட்டியிருக்கும் குறிகளோடு சேர்த்து முழு எழுத்தும் போய்விடும். குறி குறியாக அழிய வேண்டும் என்றால் ‘டெல்கம்பைன்’ என்ற விருப்பத்தை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். மேக் கணினியின் உரைக் கட்டளைகளில் ‘முந்தைய எழுத்தைப் பிரித்துப் பின்னோக்கி அழி’ என்று தனியாகவே ஒன்று உண்டு. மூன்றுமே யோசித்து எடுத்த முடிவுகள், மூன்றும் வேறு வேறு. இயல்புநிலை என்பது இயற்கை கொடுத்தது அல்ல, யாரோ ஒருவர் தன் மொழியை மனதில் வைத்துத் தேர்ந்தது. அந்த ஒருவர் தமிழில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது.

அழிக்கும் விசையின் வரலாறே இப்படிப்பட்ட தற்செயல்களால் ஆனதுதான். ஆஸ்கி என்ற பழைய ஆங்கிலக் குறியேற்றத்தில் ‘டெல்’ என்ற குறியீட்டின் எண் 127. ஏழு துளைகளும் விழுந்த வடிவம் அது. காகித நாடாவில் தவறாகத் துளையிட்டுவிட்டால் துளையை அடைக்க முடியாது. மிச்சமிருக்கும் இடங்களையும் துளைத்துவிட்டால் அந்த வரிசை அழிந்ததாகப் பொருள். பேக்ஸ்பேஸின் எண் 8. கன்ட்ரோலோடு எச்-ஐ அழுத்தினாலும் அதே எண்தான் போகும். ஈமாக்ஸோ அந்தச் சேர்க்கையை உதவிக்கு ஒதுக்கிவிட்டது. விளைவாக, பேக்ஸ்பேஸ் விசை 8ஐ அனுப்பும் முனையங்களில் எழுத்தை அழிக்கப் போனால் உதவிப் பக்கம் திறக்கும். அந்தக் காலத்தில் ஈமாக்ஸ் பயன்படுத்தியவர்கள் முதலில் கற்றுக்கொண்ட மாற்றங்களில் ஒன்று இந்த விசையைச் சரிசெய்வது. ஆங்கிலம் மட்டுமே எழுதியவர்களுக்கே அழிக்கும் விசையைத் தாமாக அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், நாம் அமைத்துக்கொள்வதில் கூச்சப்பட ஏதுமில்லை.

முன்னோக்கி அழிப்பதில் விபத்து இன்னும் மோசம். ‘பழனி’ என்று எழுதி, கர்சரை ‘னி’க்கு முன்னால் வையுங்கள். ஈமாக்ஸில் கன்ட்ரோலோடு டி அழுத்தினால் கர்சருக்கு அடுத்த ஒரே ஒரு குறியீடு போகும். போவது ‘ன’. அதன் தலையில் இருந்த இகரக் குறி அநாதையாக நிற்காது; முன்னால் உள்ள ‘ழ’வின் மேல் ஏறிக்கொள்ளும். திரையில் ‘பழி’ என்று நிற்கும். ஊரின் பெயர் போய் வசைச்சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்துப் பிழை திருத்தியும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் ‘பழி’ நல்ல தமிழ்ச் சொல். 2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29.1 இதைப் பாதி சரிசெய்தது. அந்தப் பதிப்பிலிருந்து, விசைப்பலகையில் உள்ள டெலீட் விசை முழு எழுத்துக் கொத்தையும் அழிக்கிறது. அதே இடத்தில் டெலீட் அழுத்தினால் ‘பழ’ என்றே நிற்கும். எமோஜிகளுக்காகப் பேசப்பட்ட மாற்றம் அது, நமக்கும் பலன் கிடைத்தது. ஆனால் கன்ட்ரோல்-டி பழையபடியே இருக்கிறது. தமிழ் எழுதும் எவரும் செய்ய வேண்டிய முதல் மாற்றம், கன்ட்ரோல்-டியையும் டெலீட் விசையின் கட்டளையோடு கட்டிவிடுவது. ஒரே வரி. முன்னோக்கிக் குறி குறியாக அழிக்க வேண்டிய தேவை தமிழில் எங்கே வரும் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. ஓரெழுத்தின் உடலை எடுத்துவிட்டுக் குறியை மட்டும் அடுத்த வீட்டில் ஏற்றிவிட யாரும் விரும்புவதில்லை.

பின்னோக்கி அழிப்பது அவ்வளவு எளிய வழக்கு அல்ல. இங்கேதான் விரல் எழுத்தை எப்படிக் கட்டியது என்பது முக்கியமாகிறது. இன்ஸ்கிரிப்ட் பலகையில் அடிப்பவருக்கு ஒவ்வொரு குறிக்கும் ஒரு விசை. ‘கி’ என்றால் க ஒரு தட்டு, இகரக் குறி ஒரு தட்டு. அவருக்கு ஒரு பேக்ஸ்பேஸ் ஒரு குறியை எடுப்பதே இயல்பு. அடித்ததைப் பின்னோக்கி ஓட்டுவதுபோல இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி அரசு தரமாக்கிய தமிழ்99 பலகையிலும் ‘கி’ இரண்டு தட்டுதான், ஆனால் இரண்டாவது தட்டு இ என்ற உயிர். முன்னால் நிற்கும் மெய்யைப் பார்த்து மென்பொருள் அதைக் குறியாக மாற்றுகிறது. கர்சருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து வேலை செய்யும் மென்பொருளாக இருந்தால், ‘கி’யை ‘கு’ ஆக்க ஒரு பேக்ஸ்பேஸ், ஒரு உ. இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. இங்கேயும் குறியளவில் அழிப்பதே நல்லது. ஈமாக்ஸின் உள்ளேயே இருக்கும் ரோமன் ஒலிபெயர்ப்பு முறைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ‘கே’ என்ற ஆங்கில எழுத்து ‘க்’ தரும். ஆங்கில ‘ஐ’ சேர்த்தால் ‘கி’. எழுத்து முடிவாகாமல் இருக்கும்வரை பேக்ஸ்பேஸ் அடித்தால் கடைசி ஆங்கில எழுத்துதான் போகும், ‘க்’ மிஞ்சும். இலக்கணக்காரர் சொன்ன விடையேதான். அடுத்த எழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அந்த நினைவு போய்விடும். இப்போது பேக்ஸ்பேஸ் அடித்தால் ‘க’ நிற்கும். அதன் பக்கத்தில் உகரத்துக்கான விசையை அடித்தால் ‘கு’ வராது, ‘கஉ’ என்று தனி உயிராக வரும். ஆகவே அந்த ‘க’வையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். அரை எழுத்தை மிச்சம் வைத்து ஒரு பயனும் இல்லாத இந்த முறையில் முழு எழுத்தை அழிப்பதுதான் சரி. ஒரே மொழி, ஒரே குறியேற்றம், ஒரே எடிட்டர். உள்ளீட்டு முறை மாறியதும் பேக்ஸ்பேஸின் சரியான அளவும் மாறிவிட்டது. எல்லோருக்கும் பொருந்தும் ஓர் இயல்புநிலையை எந்தக் குழுவாலும் தேர்ந்து கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வேலையும் அளவை மாற்றும். பழைய நூலை வருடி, எழுத்துணரியில் கொடுத்து, வந்த உரையைத் திருத்துகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடிக்கடி வரும் பிழைகளில் ஒன்று துணைக்கால் ‘ர’வாக மாறிவிடுவது, ‘கொ’ வர வேண்டிய இடத்தில் ‘கெர’ நிற்கும். ஔகாரக் குறியின் பின்பாதி ‘ள’வாக நிற்பதும் அப்படித்தான். இவற்றைத் திருத்துபவருக்கு எழுத்தின் ஒரு துண்டை மட்டும் எடுக்கும் கத்தி வேண்டும். அவரிடம் டேஸ்-16ஐக் கொடுத்தால் தடுமாறுவார், ஏனென்றால் அங்கே துண்டு என்று ஒன்று கிடையாது. உள்ளிருந்து பிரிக்கத் தனியாக நிரல்தான் எழுத வேண்டும். குறியேற்றம் எதுவாக இருந்தாலும் அடுத்த அளவுக்கு நிரல் வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டையைக் குறியேற்றத்தில் போடாமல் விசையில் போடுங்கள் என்கிறேன்.

ஈமாக்ஸில் இதைச் செய்வது பெரிய வேலை அல்ல. முழு எழுத்தைப் பின்னோக்கி அழிக்கும் கட்டளை இப்படி அமையும்: கர்சர் ஓர் இடம் பின்னால் போகட்டும்; அங்கே இருப்பது ஒட்டும் குறியா என்று யூனிகோடு வகைப்பாட்டைக் கேட்கட்டும்; குறியாக இருந்தால் இன்னும் ஓர் இடம் பின்னால் போகட்டும்; உடல் எழுத்தை எட்டியதும் புறப்பட்ட இடம்வரை எல்லாவற்றையும் அழிக்கட்டும். ‘கொ’ இரண்டு குறியீடாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும் இதற்கு ஒன்றுதான். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் மட்டும் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும், நடுவில் புள்ளி இருப்பதால். இலக்கணக்காரர் விரும்பும் கட்டளை இதைவிடச் சிறியது: கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்தின் குறிகளை நீக்கி ஒரு புள்ளி வை. ‘கொ’ ‘க்’ ஆகும், ‘ரி’ ‘ர்’ ஆகும், வெறும் ‘ர’வும் ‘ர்’ ஆகும். முதல் கட்டளையை ஷிப்டோடு சேர்ந்த பேக்ஸ்பேஸில் வைக்கலாம். வேறு எதற்கும் கட்டாத நிலையில் ஈமாக்ஸ் அதைச் சாதாரண பேக்ஸ்பேஸாகவே எடுத்துக்கொள்வதால் இழப்பு ஒன்றுமில்லை. புள்ளி வைக்கும் கட்டளைக்கு, பயனருக்கென்றே ஒதுக்கப்பட்ட எஃப்5 முதல் எஃப்9 வரையான விசைகளில் ஒன்று போதும். ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர் இன்னும் ஒரு படி போகலாம். உள்ளீட்டு முறையை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் நம் கட்டளையை ஓடவைக்கும் கொக்கிகள் ஈமாக்ஸில் உண்டு. தமிழ் இயங்கும்போது பேக்ஸ்பேஸ் முழு எழுத்தை அழிக்கட்டும், ஆங்கிலத்துக்குத் திரும்பியதும் பழையபடி ஆகட்டும். எழுத்து இன்னும் முடிவாகாத நேரத்தில் உள்ளீட்டு முறை தன் சொந்த விசைப்பட்டியலை மேலே விரித்துக்கொள்வதால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

எழுத்தளவில் இவ்வளவு என்றால், சொல்லளவில் தமிழுக்கு நேரும் சங்கடம் இதைவிடப் பெரிது. ஈமாக்ஸில் மெட்டா (பெரும்பாலும் ஆல்ட்) விசையோடு பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முந்தைய சொல் முழுவதும் போகும். ஆங்கிலத்தில் ‘கோயம்புத்தூரிலிருந்து’ என்பது இரண்டு சொல். ஒன்றை அழித்தால் ஊர் மிஞ்சும். தமிழில் வேற்றுமையும் சொல்லுருபும் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘கோயம்புத்தூரிலிருந்து’ என்பதைக் ‘கோயம்புத்தூருக்கு’ என்று மாற்ற வேண்டும். குறி குறியாக அழித்தால் 9 தட்டு, எழுத்து எழுத்தாக அழித்தால் 5 தட்டு, சொல்லாக அழித்தால் ஒரே தட்டு. ஆனால் ஊரையே மறுபடி அடிக்க வேண்டும். நமக்கு வேண்டியது விகுதியை மட்டும் எடுக்கும் தட்டு. இப்படிக் கேட்பது அதிகப்படி அல்ல. நிரல் எழுதுபவர்கள் பல சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து நடுவில் பெரிய எழுத்து வைத்து எழுதுவார்கள். அந்தச் சேர்க்கையில் ஒரு பகுதியை மட்டும் அழிப்பதற்காகவே ஈமாக்ஸில் ‘சப்வேர்டு’ என்ற முறை தரப்பட்டிருக்கிறது. ஜாவாக்காரருக்குக் கிடைத்த வசதி தமிழ் இலக்கணத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

கொங்குப் பேச்சை எழுத்தில் கொண்டுவருகிறவர்களுக்கு இந்த வசதி நேரடியாகப் பயன்படும். ‘சொன்னேனுங்க’, ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் மரியாதை ஒட்டியிருக்கும். உரையாடலில் அது இருக்க வேண்டும். அதையே பொதுத்தமிழில் சுருக்கி எழுதும்போது போக வேண்டும். ‘சரிங்க’வில் ‘ங்க’வை எடுத்தால் ‘சரி’, வேலை முடிந்தது. ‘சொன்னேனுங்க’வில் ‘ங்க’வை எடுத்தால் ‘சொன்னேனு’ நிற்கும். உகரத்தையும் எடுத்தால் ‘சொன்னேன’. புள்ளி வைத்தால்தான் ‘சொன்னேன்’. அழிப்பதை முடிக்க ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘க்’தான் மிஞ்ச வேண்டும் என்ற இலக்கணக்காரரின் விடை இங்கே உயிரோடு வேலை செய்கிறது. இதற்கு எதற்குத் தனி விசை, தேடி மாற்றும் கட்டளையில் எல்லா ‘ங்க’வையும் ஒரே அடியாக நீக்கிவிடலாமே என்று கேட்கலாம். ‘வந்தானுங்க’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ‘அவன் வந்தானுங்க’ என்றால் மரியாதை, கேட்பவருக்குக் கொடுப்பது. ‘பசங்க வந்தானுங்க’ என்றால் பன்மை. அங்கே ‘ங்க’வை எடுத்தால் பல பேர் ஒருவன் ஆகிவிடுவார்கள். வாக்கியத்தைப் படித்து முடிவெடுக்க ஒரு மனிதர் வேண்டும். அவர் முடிவெடுத்த கணத்தில் ஒரே தட்டில் வேலை முடிய வேண்டும்.

ஊர்ப்பெயர்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது இன்னும் சுவையானது. ‘இல்’ என்ற உருபை எடுத்துப் புள்ளி வைக்கும் கட்டளை ‘திருப்பூரில்’ என்பதைத் ‘திருப்பூர்’ ஆக்கும், ‘கரூரில்’ என்பதைக் ‘கரூர்’ ஆக்கும். அதையே ‘ஈரோட்டில்’ மேல் ஓட்டினால் ‘ஈரோட்ட்’. நெடிலுக்கு அடுத்த ‘டு’, உருபு ஏற்கும்போது இரட்டித்திருக்கிறது. திரும்பும் வழியில் ஒரு டகரத்தைக் குறைத்து உகரத்தைக் கொடுக்க வேண்டும். ‘நாமக்கல்லில்’ தனிக்குறிலுக்கு அடுத்த ஒற்றை இரட்டித்த வழக்கு. ‘பல்லடத்தில்’ அத்துச் சாரியை வாங்கி மகரத்தை இழந்திருக்கிறது; ‘பொள்ளாச்சியில்’ நடுவில் நிற்கும் யகரம் உடம்படுமெய். நான்கு ஊருக்கும் நான்கு விதி, நான்கும் பள்ளிப் புணர்ச்சிப் பாடத்தில் உள்ளவை. ட்ட் வந்தால் டு, த்த் வந்தால் ம், ல்ல் வந்தால் ல், இகரத்துக்குப் பின் ய் வந்தால் அதை விடு என்று நான்கு வரி சேர்த்தால் இந்த ஊர்கள் அடங்கும். எல்லாச் சொல்லும் அடங்காது. ‘கல்லில்’ ஆனாலும் ‘நெல்லில்’ ஆனாலும் விதி சரி. ஆனால் ‘முத்தில்’ என்பதை ‘மும்’ ஆக்கிவைக்கும். அப்போது ஒரு தட்டில் மீட்டுக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஈமாக்ஸ் இதற்கும் இடம் வைத்திருக்கிறது: அழிப்பது வேறு, வெட்டுவது வேறு. வெட்டியது ஒரு வளையத்தில் சேர்ந்து, வேண்டும்போது திரும்ப வரும். விகுதி நீக்கும் கட்டளை அழிப்பதாக இல்லாமல் வெட்டுவதாக இருப்பது நல்லது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கையைத் தனி அமைப்புக்குப் பழக்கிவிட்டால் வேறு கணினியில் உட்காரும்போது தடுமாற்றம். அலுவலகத்தில், கல்லூரி ஆய்வகத்தில், நண்பரின் மேசையில் நம் விசைகள் இருக்காது. இதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். இருக்கிற விசையின் பொருளை மாற்றுவதைவிடச் சும்மா கிடக்கும் விசைக்குப் பொருள் கொடுப்பது மேல் என்று சொல்வதற்குக் காரணமே இதுதான். ஷிப்ட்-பேக்ஸ்பேஸ் வேலை செய்யாத இடத்தில் இரண்டு தட்டு கூடுதலாகும், அவ்வளவுதான். கை தவறாக எதையும் அழித்துவிடாது. பேக்ஸ்பேஸையே மாற்றுவதை ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவருக்கு மட்டும் சொன்னதும், அதையும் தமிழ் இயங்கும் நேரத்துக்கு மட்டும் கட்டிவைக்கச் சொன்னதும் அதனால்தான். இன்னொரு மறுப்பு, சொல்லை ஊகித்துத் தரும் விசைப்பலகைகளும் எந்திரத் திருத்திகளும் வந்துவிட்ட காலத்தில் அழிக்கும் விசையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்பது. ஊகம் தவறும்போது நாம் செய்கிற முதல் காரியமே அழிப்பதுதான். எந்திரம் எழுதித் தருவது கூடக்கூட, நம் வேலை எழுதுவதிலிருந்து திருத்துவதற்கு நகர்கிறது; திருத்துவதில் பாதி அழிப்பு. முழுச் சொல்லைத் தருகிற பலகை ‘பல்லடத்துக்கு’ என்று தந்துவிட்டது, நமக்கு வேண்டியது ‘பல்லடத்தில்’ என்றால், அந்த ‘துக்கு’வை எந்த அளவில் எடுப்பது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஈமாக்ஸ் கட்டளைகளை எழுதும் லிஸ்ப் மொழி தெரியாதவர்கள் இதோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஈமாக்ஸில் எஃப்3 அழுத்திவிட்டு, ‘சொன்னேனுங்க’வை ‘சொன்னேன்’ ஆக்கும் தட்டுகளை ஒருமுறை கையால் செய்து, எஃப்4 அழுத்தினால் அது பதிவாகிவிடும். அடுத்த இடத்தில் எஃப்4 மட்டும் போதும். அதற்கு ஒரு பெயர் வைத்து, விசையில் கட்டி, அமைப்புக் கோப்பில் சேமித்துக்கொள்ளலாம். கோப்பில் உள்ள ‘கொ’ எந்த வகை என்று சந்தேகம் வந்தால் கர்சரை அதன் மேல் வைத்து, முன்னொட்டாகக் கன்ட்ரோல்-யு அடித்து, கன்ட்ரோல்-எக்ஸும் சமக்குறியும் அழுத்துங்கள். உள்ளே எத்தனை குறியீடு ஒளிந்திருக்கிறது என்பதை எடிட்டரே பெயரோடு காட்டும்.